பழைய மெயில் சர்வரைக் கழற்றிப் புதிய டொமைனில் சேர்க்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டங்களுக்கு உரமும் களைக்கொல்லியும் விற்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. பங்குதாரர் ஒருவர் பிரிந்ததால் கம்பெனியின் பெயர் மாறிவிட்டது. புதிய பெயரில் தனி ஆக்டிவ் டைரக்டரி (அலுவலகக் கணக்குகளின் பதிவேடு) டொமைனும் போட்டாயிற்று. மெயில் மட்டும் பழைய டொமைனில் உள்ள, மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்ச் 2016 மெயில் சர்வரில் ஓடுகிறது. மொத்தம் 28 மெயில்பாக்ஸ். தீபாவளி விடுமுறையில் அந்தச் சர்வரைப் பழைய டொமைனிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்த்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அதைச் செய்துவிட வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். எக்ஸ்சேஞ்ச் ஏற்றிய சர்வரின் பெயரை மாற்றவோ, அதை வேறு டொமைனுக்குக் கொண்டுபோகவோ வழி கிடையாது. மைக்ரோசாப்ட் அதை ஆதரிப்பதில்லை. கனெக்டர் (கடிதம் வந்துபோகும் வழி), விதிகள், எந்தப் பெட்டி எந்த டேட்டாபேஸில் இருக்கிறது என்பதெல்லாம் ஆக்டிவ் டைரக்டரிக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. சர்வரில் கிடப்பது கடிதங்கள் மட்டும்தான். பழைய டொமைனை விட்டு வெளியே வந்த நிமிடமே எக்ஸ்சேஞ்ச் சேவைகள் எழும்பாது.

உங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இருபத்தைந்து வருடச் செம்பனையை யாரும் வேரோடு பெயர்த்து அடுத்த நிரையில் நடுவதில்லை. நாற்றங்காலில் கன்று தயாரான பிறகுதான் மறுநடவு. மெயிலுக்கும் அதே கதைதான்: புதிய டொமைனில் புதிய சர்வர் எழும்ப வேண்டும், பழைய பெட்டிகளில் இருப்பது அதற்குள் போக வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். டொமைன் என்ற சொல் இங்கே இரண்டு பொருளில் புழங்குகிறது. முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது ஒன்று. அலுவலகக் கம்ப்யூட்டர்கள் லாகின் செய்யும் விண்டோஸ் டொமைன் இன்னொன்று. முகவரியில் புதிய பெயர் தெரிந்தால் போதும் என்பதுதான் முதலாளியின் எண்ணம் என்றால், சர்வரைத் தொடவே வேண்டாம். புதிய பெயரை 'அக்செப்டட் டொமைன்' (சர்வர் தன்னுடையதாக ஏற்கும் பெயர்கள்) பட்டியலில் சேர்த்து, முகவரிக் கொள்கையில் அதை முதன்மையாக்கினால் ஒரு பிற்பகலில் வேலை முடியும். பழைய முகவரிகளும் கூடவே இருக்கும். உள் டொமைனின் பெயரை வாடிக்கையாளர்கள் பார்ப்பதே இல்லை. இப்படி முடிய வேண்டிய வேலைக்கு வாரக்கணக்கில் பணம் செலவழித்த அலுவலகங்களைக் கண்டிருக்கிறேன்.

இல்லை, பழைய டொமைனையே மூடப்போகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

புதிய சர்வரில் 2016ஐயே திரும்ப ஏற்ற வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்குமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இப்போது இருப்பது சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் என்ற எக்ஸ்சேஞ்ச் பதிப்பு. 28 பேருக்காகச் சொந்தச் சர்வர் வைத்துப் பராமரிப்பதா, மைக்ரோசாப்ட் 365 போன்ற மேகச் சேவைக்கு (இணையம் வழியே கிடைக்கும் மெயில்) போவதா என்று முதலாளியிடம் பேசிவிடுங்கள். என் கருத்து, ஊரில் இணைய இணைப்பு உறுதியாக இருந்தால் மேகச் சேவைதான். இடியும் மின்வெட்டும் அடிக்கடி வரும் இடத்தில் ஒற்றைச் சர்வரை நம்பி இருப்பது மனதுக்கு நிம்மதி தராது. எதைத் தேர்ந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

இரண்டு டொமைன்களுக்கிடையே நம்பிக்கை உறவு ஏற்படுத்திப் பெட்டிகளை நேரடியாக நகர்த்தும் முறை உண்டு. ஆயிரம் பேருக்கு அதுதான் சரி. 28 பெட்டிக்கு, ஒவ்வொன்றையும் பிஎஸ்டி (அவுட்லுக் திறக்கும் மெயில் தொகுப்பு) கோப்பாக எடுத்துப் புதியதில் இறக்குவதே எளிது. 'மெயில்பாக்ஸ் இம்போர்ட் எக்ஸ்போர்ட்' என்ற பொறுப்பை உங்கள் கணக்குக்கு நீங்களே கொடுத்துக்கொள்ள வேண்டும். நிர்வாகி கணக்குக்குக்கூட அது தானாக வராது. கொடுக்காதவரை எக்ஸ்போர்ட் கட்டளை கண்ணிலேயே படாது. பிஎஸ்டியில் கடிதம், காலண்டர், தொடர்புகள் வரும். இன்பாக்ஸ் விதிகளும், ஒருவர் பெட்டியை இன்னொருவர் திறக்கும் அனுமதிகளும் வராது. அவற்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எல்லோரும் தவறவிடும் இடம். வெளியாருக்குத்தான் உங்கள் முகவரி @ குறியோடு தெரியும். ஒரே எக்ஸ்சேஞ்சுக்குள் இருப்பவர்கள் அனுப்பிக்கொள்ளும் கடிதத்தில் 'லெகசி எக்ஸ்சேஞ்ச் டிஎன்' என்ற உள் அடையாளம்தான் பதியும். புதிய சர்வரில் அது வேறாகிவிடும். ஒரு தோட்ட அலுவலகத்துக்கு இந்த வேலையை நான் செய்தபோது இதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை கிராணி (எழுத்தர்) ஒருவர், மேனேஜரின் பழைய கடிதத்தைத் திறந்து பதில் அனுப்பினார். ஐஎம்சிஇஏஇஎக்ஸ் என்று தொடங்கும் நீளமான முகவரியோடு திரும்பி வந்தது. மதியத்துக்குள் அலுவலகம் முழுக்க அதே புகார். மருந்து சுலபம்: பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொருவரின் உள் அடையாளத்தையும் பட்டியலாக எடுத்து, புதிய பெட்டியில் எக்ஸ்500 வகை (பழைய உள் அடையாளத்தை ஏற்கும்) முகவரியாகச் சேர்த்துவிடுங்கள். மேகச் சேவைக்குப் போனாலும் இது தேவை.

மாற்றும் நாளில் கடிதம் தொலைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். உங்கள் சர்வர் பதில் தராவிட்டால், அனுப்பும் சர்வர் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். பொதுவான வழக்கம் 4, 5 நாள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டிகள் தயாராகாத புதிய சர்வர் 'அப்படி ஒருவர் இல்லை' என்று 550 எண்ணோடு பதில் சொன்னால், கடிதம் அப்போதே திரும்பிவிடும். கதவு மூடியிருக்கலாம், தவறான பதில் போகக்கூடாது. ஆகவே வெள்ளி மாலை ரவுட்டரில் போர்ட் 25ஐ (வெளிக் கடிதம் உள்ளே வரும் வாசல்) மூடுங்கள். கடைசி எக்ஸ்போர்ட், இம்போர்ட், 28 பெயரும் சரியா என்ற சோதனை எல்லாம் முடிந்த பிறகே திறங்கள். அதே அலுவலகம், அதே நிலையான ஐபி என்றால் போர்ட் 25ஐப் புதிய சர்வருக்குத் திருப்பினாலே போதும். பழைய பெயரின் எம்எக்ஸ் பதிவில் (கடிதம் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) கை வைக்க வேண்டாம். புதிய பெயருக்கு மட்டும் எம்எக்ஸ், எஸ்பிஎஃப் (அந்தப் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்று சொல்வது) பதிவுகள் போடுங்கள். மேகச் சேவைக்குப் போனால் எம்எக்ஸ் மாறியே ஆக வேண்டும். சில நாள் முன்பே அதன் டிடிஎல்லை (பிற சர்வர்கள் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநர்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (கடிதத்தில் இடும் மின்னணுக் கையொப்பம்) கேட்கிறது. இரண்டும் இல்லாத பெயரிலிருந்து போகும் விலைப்பட்டியல் குப்பைக்குப் போகலாம், திரும்பியும் வரலாம்.

தீபாவளி விடுமுறையைத் தவிர்க்கச் சொல்வேன். சிக்கல் வந்தால் உதவிக்கு ஆள் கிடைக்காது, அதுவும் மாலை இடி மழைக் காலம். மாதத்தின் முதல் 7 நாளும் வேண்டாம். சம்பளம் போட வேண்டிய கெடுவும், மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் மின்விலைப்பட்டியலை வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஏற்றும் கெடுவும் அந்த நாள்களில்தான். மாத நடுவில் ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடியுங்கள்.

வரிக் கணக்கு தொடர்பான ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். பல விலைப்பட்டியல்கள் மெயிலில்தான் கிடக்கும். எனவே பிஎஸ்டி கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். பழைய முகவரிப் பெயரையும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அது காலாவதியானால் வேறு யாரும் வாங்கலாம். வாங்கியவருக்கு உங்கள் வங்கி, கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி வாரியம்), வரி வாரியம் பழைய முகவரிக்கு அனுப்பும் கடவுச்சொல் கடிதங்கள் நேராகப் போய்ச் சேரும். முகவரி மாற்றத்தை அந்த மூன்று இடத்திலும் பதிந்துவிட்டுத்தான் பழைய சர்வரை அணைக்க வேண்டும்.