சோல் ஈட்டர் ரூன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சுய்க்கோடென் வீடியோ கேம் தொடரின் முதல் பாகத்தை இன்னும் முடிக்காதவர்கள் இதைப் பிறகு படியுங்கள். யார் யார் சாகிறார்கள் என்று சொல்லாமல் இந்த ரூனை, அதாவது தாங்குபவருக்கு மந்திர சக்தி தரும் சின்னத்தைப் பற்றிப் பேச வழியில்லை.

கேள்வி: 2025இல் வந்த ரீமாஸ்டரை இப்போதுதான் தொடங்கினேன். நாயகனுக்கு அவன் நண்பன் டெட் கொடுத்த அந்த ரூன் எங்கிருந்து வந்தது?

பதில்: தொடரின் படைப்புக் கதையில் முதலில் இருப்பது இருள் மட்டும்தான். தனிமை தாளாமல் அது விட்ட கண்ணீரிலிருந்து வாள், கேடயம் என்று இரண்டு சகோதரர்கள் பிறக்கிறார்கள். ஏழு நாள் சண்டையிட்டு இருவருமே நொறுங்கிப்போகிறார்கள். வாளின் துண்டுகள் வானமாகின்றன, கேடயத்தின் துண்டுகள் பூமியாகின்றன. அவற்றில் பதித்திருந்த 27 மணிகள்தான் 27 உண்மை ரூன்கள். அதில் ஒன்று சோல் ஈட்டர், வாழ்வுக்கும் சாவுக்கும் உரியது.

கேள்வி: டெட்டுக்கு 300 வயதுக்கு மேல் என்கிறார்கள். பார்த்தால் சிறுவன் போல இருக்கிறானே?

பதில்: உண்மை ரூனைத் தாங்குபவருக்கு முதுமை கிடையாது. சிறுவனாக இருந்தபோது தாத்தாவிடமிருந்து வாங்கியவன் அவன். அன்றே அந்த ரூனைத் தேடிவந்த சூனியக்காரி விண்டி அவனுடைய ஊரை அழித்துவிட்டாள். அப்புறம் ஓட்டம்தான். நான்காம் பாகத்தின் கதை சுமார் 150 வருடம் முன்னால் நடக்கிறது. அதிலும் யாரிடமும் ஒட்டாமல் விலகியே நிற்பான்.

கேள்வி: ஏன் விலக வேண்டும்?

பதில்: இந்த ரூன் தாங்குபவருக்கு நெருக்கமானவர்களின் உயிரைத்தான் தேடித் தின்னும். கிளர்ச்சிப் படைத் தலைவி ஒடெஸ்ஸா, நாயகனை வளர்த்த பணியாள் கிரெமியோ, அப்பா தியோ, கடைசியில் டெட். எதிரிப் பேரரசின் தளபதியான தியோவை நாமே நேருக்கு நேர் மோதி வீழ்த்த வேண்டியிருக்கிறது. நாயகன் ஒவ்வொருவராக இழக்க இழக்க ரூனின் பலம் ஏறி, புது மந்திரம் திறக்கிறது. வேறு கேமில் மந்திரம் கிடைத்தால் மகிழ்ச்சிதான் வரும். இங்கே அதைப் பயன்படுத்தவே எனக்குக் கை வரவில்லை. இயக்குநர் யோஷிதாகா முராயாமா 1995இலேயே இதை யோசித்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் சோல் ஈட்டர் கெட்டதா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பகையும் இல்லை, பாசமும் இல்லை. சீக் பள்ளத்தாக்கில் டெட், விண்டியின் பிடியிலிருந்து ஒரு கணம் விடுபட்டு, தன் உயிரையே எடுத்துக்கொள்ளும்படி ரூனிடம் சொல்கிறான். நண்பனைக் காக்க வேறு வழி அவனுக்கு இல்லை. 300 வருடம் பயந்து சுமந்ததை அவன் அங்கே தன் விருப்பத்தோடு தன் மேலேயே திருப்புகிறான் என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: கிரெமியோவைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: சாவைத் தடுக்க முடியாது, மீட்க முடியும். இறுதிப் போருக்குக் கிளம்புமுன் 108 நட்சத்திரங்களில், அதாவது படையில் சேர்க்கக்கூடிய 108 கூட்டாளிகளில், மற்ற அனைவரையும் சேர்த்திருந்தால் தீர்க்கதரிசி லெக்னாட் அவரை எழுப்புவாள். படைப்போரில் யாரும் சாகக் கூடாது. முக்கியமாக நாயகன் வீட்டுக் காவலர் பாஹ்னின் ஆயுதத்தை இப்போதே கூர்மையாக்கி வையுங்கள். தியோவோடு அவர் தனியாக மோதும்போது தோற்றால் 108 நிறையாது.