விமானத்தின் பிசினஸ் கிளாஸில் வேலை பார்க்கும் கேபின் க்ரூவுக்குத் தனிப் பயிற்சி உண்டா? அதில் என்ன சொல்லித் தருவார்கள்?

உண்டு. ஆனால் சேர்ந்தவுடன் யாரையும் அங்கே நிறுத்த மாட்டார்கள். பெரும்பாலும் எகானமியில் கொஞ்ச காலம் பறந்த பிறகுதான் பிசினஸ். ஃபர்ஸ்ட் கிளாஸ் அதற்கும் அப்புறம்.

அதற்கெல்லாம் முன்பு பாதுகாப்புப் பயிற்சி. கதவைத் திறந்து, பயணிகள் சறுக்கி இறங்கும் ஸ்லைடை விரிப்பது, தீயணைப்பு, முதலுதவி. இருக்கும் அவசர வாசல்களில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு 90 நொடிக்குள் அத்தனை பேரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய பயணிகள் விமானத்துக்கே சான்று கிடைக்கும். அந்த வேகத்துக்கு நம்மையும் பழக்குவார்கள். இதில் தேறாவிட்டால், எவ்வளவு அழகாகப் பரிமாறினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சரி, பிசினஸ் பயிற்சிக்கு வருவோம். ஒரு மாதிரிக் கேபினில் எங்களில் பாதிப் பேர் பயணிகளாக உட்காருவோம். ஒருவர் ஹெட்போனைக் கழற்றவே மாட்டார். ஒருவர் ஆர்டரைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார். அங்கே எல்லாம் ஒரே டிரேயில் போகாது. முதலில் மேசை விரிப்பு, பிறகு ஒவ்வொரு சுற்றாக உணவு. ஒயின் பாட்டிலின் லேபிள் பயணியின் பக்கம் இருக்க வேண்டும். ஊற்றி முடிக்கையில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் விரிப்பில் சொட்டாது. இதெல்லாம் கை பழகினால் வந்துவிடும்.

கஷ்டமானது ஞாபகமும் நேரக்கணக்கும்தான். "2ஏ சீட்டில் இருப்பவர் என்ன குடித்தார்? 3கே சாப்பிட்டு முடித்தாரா?" என்று பயிற்சியாளர் திடீரென்று கேட்பார். எதையும் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒருவர் சூப்பில் இருப்பார், பக்கத்தில் இருப்பவர் இனிப்புக்கு வந்திருப்பார். ஆனால் விமானத்தின் சமையலறையில் சூடாக்கும் அடுப்புகள் அதே இரண்டுதான்.

சாப்பாடு தரையில் சமைத்துக் குளிரவைத்து ஏற்றப்படுவது. மேலே சூடாக்குகிறோம், அவ்வளவே. கேபின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கும். அதனால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், டீ சரியாக இறங்காது. காற்றும் வறண்டிருப்பதால் உப்பும் இனிப்பும் நாக்கில் மந்தமாகத் தெரியும். ஆனால் "சப்பென்று இருக்கிறது" என்பவரிடம் இந்த அறிவியலைப் பேசக் கூடாது. தட்டை எடுத்துக்கொண்டு, வேறு என்ன தரலாம் என்று கேட்க வேண்டும். இதற்கே தனி ஒத்திகை உண்டு.

இந்த வேலைக்கு வர நினைத்தால், "பிரீமியம் கேபின் பயிற்சி" என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். எங்கே சேர்ந்தாலும் அந்த நிறுவனம் தன் முறைப்படி முதலிலிருந்து சொல்லித்தரும். நல்ல உணவகத்தில் மேசை பார்த்த அனுபவம் இருந்தால் அதை நேர்காணலில் தயங்காமல் சொல்லுங்கள்.