காற்பந்துக் கழகத்தை நிறுவனமாக்கும் முன் முறைப்படுத்த வேண்டியவை

கோலாலம்பூரின் செந்தூலில் இயங்கும் ஒரு காற்பந்துக் கழகத்தின் செயலாளர் எழுதியிருக்கும் கேள்வி இது: "எங்கள் கழகம் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்றது. வார இறுதிகளில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். பெரியவர்கள் அணியும் உண்டு. தொழிலதிபர் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்குப் பணம் தர முன்வந்திருக்கிறார். ஆனால், கழகத்தை செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமாக மாற்றி, சம்பளத்துக்கு ஒரு மேலாளரை வைத்தால்தான் தருவேன் என்கிறார். எங்கள் தலைவர், மேலாளர் பதவிக்குத் தம் மருமகனே போதும் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?"

பணத்தை மறுக்க வேண்டாம். கழகத்தை நிறுவனமாக மாற்றவும் இப்போது அவசரப்பட வேண்டாம். சம்பளத்துக்கு ஒருவரை வைக்கும் யோசனையை மட்டும் உடனே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவருக்கு முன்பாகக் கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்கு நம் நாட்டுக் காற்பந்தின் அண்மைக்கால வரலாறே காரணம்.

மலேசிய லீக் 1989-இல் பகுதிநேரத் தொழில்முறைக்கும் 1994-இல் முழுத் தொழில்முறைக்கும் மாறியது. அதன் பிறகும் பெரும்பாலான அணிகளை மாநிலக் காற்பந்துச் சங்கங்களே நடத்தி வந்தன. 2021 பருவத்தை ஒட்டித்தான் அவை தனிக் கழகங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆசியக் காற்பந்துச் சம்மேளனம் (ஏஎஃப்சி) கழகங்களுக்கு வைத்திருக்கும் உரிம விதிகள் ஆட்டத்தரம், திடல் வசதி, நிர்வாகப் பணியாளர்கள், சட்ட நிலை, நிதி ஆகிய ஐந்தையும் சோதிக்கின்றன. இவ்வளவுக்குப் பின்னும் சம்பள நிலுவைச் செய்திகள் ஓயவில்லை. கோலாலம்பூர் சிட்டி 2021-இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது, மறு ஆண்டே ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டம் வரை சென்றது. அந்தக் கழகமும் நிலுவைச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் 2023 பருவத்துக்கான உரிமம் கிடைக்கவில்லை. நம் சமூகம் பெருமையோடு பார்த்த மிஃபாவின் (மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின்) அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடி, 2022 பருவத்தோடு விலகியது. அந்தச் செய்தி இன்றும் எனக்கு வலிக்கிறது. ஏனெனில், செந்தூலிலும் கிள்ளானிலும் பந்து உதைக்கும் ஒரு பையன் அண்ணாந்து பார்க்க நமக்கென்று இருந்த ஏணி அது.

ஒவ்வொரு கழகத்தின் கதையும் வேறு. ஆனால் சம்பள நிலுவை விழும் இடங்களில் பெரும்பாலும் ஒரே தவற்றைக் காணலாம்: இன்னும் கைக்கு வராத பணத்தை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. நிறுவனப் பதிவு இதைத் தடுக்காது. பதிவுச் சான்றிதழ் சட்டப் பொறுப்பு யாருடையது என்பதைச் சொல்லுமே தவிர, அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதைச் சொல்லாது.

ஆகவே கணக்கிலிருந்து தொடங்குங்கள். சிறு கழகங்களின் வரவுசெலவு எப்படி நடக்கிறது என்பதை நான் பல திடல்களில் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பெற்றோர் தரும் பயிற்சிக் கட்டணம் பொருளாளரின் சட்டைப் பைக்குள் போகும்; அதே பையிலிருந்து நடுவருக்கு ஐம்பது ரிங்கிட், ஐஸ் கட்டிக்குப் பத்து ரிங்கிட், பயிற்றுநரின் பெட்ரோலுக்கு இன்னொரு நோட்டு என்று வெளியே வரும்; மாலையில் மிச்சம் எவ்வளவு என்பது அவர் நினைவில் மட்டும் இருக்கும். அவர் நேர்மையானவராகவே இருப்பார். என்றாலும் அவர் வேலை மாறி ஜொகூருக்குப் போய்விட்டால் கழகத்தின் கணக்கும் அவரோடு போய்விடும். கட்டணம் முழுவதும் கழகத்தின் வங்கிக் கணக்கில் நேராகச் சேர வேண்டும். பணம் எடுக்க இருவர் ஒப்புதல் வேண்டும், அந்த இருவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக்கூடாது. மாதக் கணக்கு ஒரு பக்கத்தில் பெற்றோருக்குப் போக வேண்டும். மேலாளர் வருவதற்கு முன்பே இதைச் செய்து முடித்துவிடுங்கள்.

அடுத்து, சம்பளம். ஒருவருக்கு மாதம் 2,000 ரிங்கிட் என்று முடிவு செய்தால் செலவு அதோடு நிற்காது. ஊழியர் சேமநிதிக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 260 ரிங்கிட். சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் வேலைக் காப்புறுதியையும் சேர்த்தால் ஏறக்குறைய 2,300 ஆகும், ஆண்டுக்கு 27,600. சேமநிதிப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட், 2025 ஆகஸ்டு முதல் ஐந்துக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. "அலவன்ஸ்" என்று பெயர் மாற்றிக் கையில் கொடுத்தால் இந்தப் பொறுப்புகள் நீங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களை எடுக்கும் எண்ணம் தொழிலதிபருக்கு இருந்தால், இன்னொரு விதியையும் அவருக்குக் காட்டுங்கள்: இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், எழுத்து மூலம் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள 2018 முதல் பிஃபா விதிகள் இடமளிக்கின்றன.

மேலாளரின் முதல் வேலை பெரியவர்கள் அணியைப் பலப்படுத்துவது அன்று. பிள்ளைகளின் பதிவேட்டை ஒழுங்குபடுத்துவது. நம்மவர்கள் மிகக் குறைவாகப் பேசும் இந்த விஷயத்தில்தான் உங்கள் கழகத்தின் உண்மையான சொத்து இருக்கிறது என்பது என் கருத்து. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்குப் பணத்துக்கு மாற்றப்படும்போது, பிஃபா விதிப்படி அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வொரு ஆண்டுக்கும் மாற்றுத் தொகையில் 0.25 விழுக்காடு. உங்களிடம் நான்கு ஆண்டுகள் பயின்ற ஒரு பையன் பின்னாளில் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு எல்லை தாண்டிப் போனால், உங்கள் பங்கு 10,000 ரிங்கிட். ஆனால் கழகம் காற்பந்துச் சங்கத்தோடு இணைந்திருந்து, அந்தப் பையனின் பெயர் ஒவ்வொரு பருவத்திலும் முறையாகப் பதிவாகியிருந்தால்தான் இது கிடைக்கும். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பெயர்ப்பட்டியல் இதற்குச் செல்லாது. செந்தூலில் வளர்ந்து மாநில அணி வரை போனவர்களை நம் மூத்தவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள்; அவர்களை வளர்த்த கழகம் எது என்பதற்குத் தாளில் சான்று இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது.

பதிவேட்டோடு பிள்ளைகளின் பாதுகாப்பும் சேர்ந்தே வர வேண்டும். பயிற்றுநர்கள், உதவியாளர்கள், வேன் ஓட்டுநர் உட்பட அனைவரையும் சமூகநல இலாகா வைத்திருக்கும் சிறார் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் சரிபார்த்த பிறகே திடலுக்குள் அனுமதியுங்கள். பயிற்றுநர்களில் ஒருவரையாவது பயிற்றுநர்களுக்கான ஏஎஃப்சி 'சி' உரிமப் பயிற்சிக்கு அனுப்பக் கழகமே செலவிடுவது நல்லது.

இனித் தொழிலதிபரின் நிபந்தனைக்கு வருவோம். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தாம் தரும் பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்பதே அவர் கவலையாக இருக்கலாம். அதற்கு உரிமையைக் கைமாற்றத் தேவையில்லை, நல்ல ஆதரவு ஒப்பந்தம் ஒன்றே போதும். அதில் மூன்று ஆண்டுத் தொகையும் காலாண்டுத் தவணைகளும் குறிக்கப்பட வேண்டும். முதல் ஆண்டுக்கான தொகை முழுவதும் வங்கியில் சேரும் முன் எந்தச் சம்பள ஒப்பந்தத்திலும் கழகம் கையெழுத்திடாது என்ற வரியும் இருக்கட்டும். அவர் விலக விரும்பினால் ஆறு மாத அறிவிப்புத் தர வேண்டும். சட்டையில் அவர் நிறுவனத்தின் பெயர் வரலாம். யார் ஆடுவது என்பதைப் பயிற்றுநரே முடிவு செய்வார். விளையாட்டு ஆணையரின் ஒப்புதல் பெற்ற விளையாட்டு நடவடிக்கைகளுக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தில் கழிவு உண்டு என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவருடைய தொகை நன்கொடையா, விளம்பரச் செலவா என்பதை அவருடைய வரி ஆலோசகர் முதலிலேயே தீர்மானித்துவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு வராது.

இரண்டு ஆண்டுகள் கணக்குத் தணிக்கை தடையின்றி முடிந்து, பெரியவர்கள் அணியை மேல்நிலை லீக்குக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால், அந்த அணிக்கு மட்டும் ஒரு நிறுவனம் தொடங்குவதை அப்போது யோசியுங்கள். அந்த அணியின் கடன் பிள்ளைகளின் பயிற்சித் திடலைத் தொடக்கூடாது. ஆகவே பிள்ளைகளின் பிரிவு பதிவு பெற்ற கழகத்திடமே இருக்கட்டும். விளையாட்டுத் துறையில் ஈடுபடும் நிறுவனத்துக்கு 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ்த் தேவைப்படும் உரிமம் பற்றி, நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையத்துக்குப் போகும் முன்பே விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைவரின் மருமகன் மற்றவர்களைப் போல விண்ணப்பிக்கலாம்; உறவினர் என்பதற்காக அவரை ஒதுக்குவதும் சரியன்று. வேலை விவரமும் சம்பளமும் எழுதப்பட்ட விளம்பரத்தை முதலில் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். நேர்முகத் தேர்வில் கழகத்துக்கு வெளியே உள்ள ஒருவர், ஒரு கணக்காளரோ ஓய்வு பெற்ற தலைமையாசிரியரோ, அமரட்டும். அந்த முடிவு எடுக்கப்படும்போது தலைவர் கூட்ட அறையை விட்டு வெளியே இருந்தார் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். தேர்வாகிறவர் யாராயினும் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு தொடங்கட்டும். மாதக் கணக்கை அவர் தலைவரிடம் மட்டுமன்றிச் செயற்குழு முழுவதிடமும் ஒப்படைக்க வேண்டும்.