பீடோங்கில் ஆறு மாதப் பயிற்சி: ஊரைப் பார்ப்பதும் ஊரோடு பழகுவதும்

கேள்வி: நான் கோயம்புத்தூரில் வேளாண் பொறியியல் படிக்கிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் 6 மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். என்னோடு தங்கியிருக்கும் பெண்கள் விடுமுறை வந்தால் கோலாலம்பூர், லங்காவி என்று கிளம்பிவிடுகிறார்கள். ஊர் சுற்ற என்னால் மாதம் 300 ரிங்கிட்டுக்கு மேல் செலவழிக்க முடியாது. "இங்கே செம்பனையைத் தவிர என்ன இருக்கு?" என்று ஆலையிலேயே கேட்கிறார்கள். சுற்றிலும் தமிழர்கள் இருந்தும் "பசியாறியாச்சா?" என்பதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை. எதைப் பார்ப்பது, எப்படிப் பழகுவது?

பதில்: 300 ரிங்கிட் போதும்மா. நான் பிறந்தது இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். பிறகு சுங்கை பட்டாணியில் ஒரு கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தேன். அங்கே திரும்பத் திரும்பப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: முதல் இரண்டு மாதம் பீடோங்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய இடங்களைத் தாண்டாதீர்கள்.

செலவு குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்த மாதிரி ஊரில் கல்யாணம், கோயில் திருவிழா, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை, பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் எல்லாமே ஓய்வுநாளை ஒட்டித்தான் நடக்கும். ஓய்வுநாள்தோறும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பெண்ணை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அவர்களுக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றுமில்லை, "அது ஊர்ல இருக்காது" என்று முடிவு செய்துவிடுவார்கள், அவ்வளவுதான். உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை இந்த ஒரே இடத்தில் இருக்கிறது.

முதலில் நாள்காட்டியைச் சரி செய்துகொள்ளுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் வழக்கம்போல் இயங்கும். தனியார் ஆலைகள் வேறு நாளை வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பல கடைகளும் அலுவலக முகப்புகளும் மூடியிருக்கும். ஆகவே அந்த நாளில் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. இதில் ஒரு வசதியும் உண்டு. பினாங்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு. உங்களுக்கு ஓய்வான வெள்ளி அவர்களுக்கு வேலைநாள் என்பதால், ஜார்ஜ்டவுன் தெருக்களில் நெரிசல் இல்லாமல் நடக்கலாம்.

இப்போது இடங்கள். வாசலில் நின்று பார்த்தால் தெரிகிறதே குனோங் ஜெராய், 1,217 மீட்டர் உயரம், அதன் அடிவாரத்திலிருந்து ஆரம்பியுங்கள். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு இந்த மலைதான் கரையைக் காட்டிய அடையாளம். தெற்கு அடிவாரத்தில், மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. நீங்கள் பள்ளியில் படித்த கடாரம் இந்தப் பகுதிதான். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்த நாடு. அதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும் சொல்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் அந்த ஒரு படையெடுப்பை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போய், "நம்ம ஆளுங்க கட்டினது" என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்க்காதீர்கள். சோழர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது துறைமுகம். பௌத்தரும் சைவரும் வணிகம் செய்து வாழ்ந்த இடம். உள்ளூர் மலாய்க்காரர்களும் இதைத் தங்கள் மண்ணின் வரலாறாகத்தான் பார்க்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. இங்கே பழங்காலக் கோயிலைச் 'சண்டி' என்பார்கள். புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்னும் சிவன் கோயில் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. 1960 வாக்கில் சீரமைத்தார்கள். பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங், பெண்டியாட் சண்டிகளை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அருங்காட்சியக வளாகத்தில் மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். புக்கிட் பத்து பாஹாட்டில் தரையைக் கவனியுங்கள். மண்டபத்துத் தூண்களைத் தாங்கிய கல் பீடங்கள் இருக்கின்றன, தூண்களும் கூரையும் இல்லை. அவை மரத்தால் ஆனவை, இந்த மழையில் எப்படி நிற்கும்? கருங்கல்லில் விமானம் எழுப்பும் ஊரிலிருந்து வந்த உங்களுக்கு இது நல்ல பாடம். கட்டியவர்கள் கோயில் அமைப்பை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டாலும், கல்லும் மரமும் இங்கே கிடைத்தவைதான்.

திரும்பும் வழியில் செமெலிங் பக்கத்தில் சுங்கை பத்து அகழாய்வுக் களம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தோண்டிய இடம். பழைய இரும்பு உருக்கு உலைகளும், காற்று ஊதும் களிமண் குழாய்களும் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவை கிடைத்தது செம்பனைக்கு அடியில்! "செம்பனையைத் தவிர என்ன இருக்கு?" என்று உங்களிடம் கேட்டவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பாதுகாப்பு இன்னும் போதவில்லை என்பது என் வருத்தம். 2013இல் ஒரு வீடமைப்பு நிறுவனம் நிலத்தைச் சமப்படுத்தியபோது 11ஆம் எண் சண்டி இடிந்தே போனது. இருப்பதையாவது வந்து பார்க்கிற கண்கள் கூட வேண்டும்.

இன்னொரு வெள்ளி அல்லது சனி காலை, மெர்போக் ஆறு கடலில் கலக்கும் தஞ்சோங் டாவாய்க்குப் போங்கள். கருவாடு, நெத்திலி காயும் மீனவர் ஊர். அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் பந்தாய் மெர்டேக்கா. அந்தப் பக்கம் கோத்தா கோலா மூடாவில் 'பாசார் பிசிக்' என்ற மீன் ஏலம் நடக்கும். வாங்குகிறவர்கள் தங்கள் விலையை ஏலக்காரரின் காதில் மட்டும் சொல்வார்கள். யார் எவ்வளவு கேட்டார் என்று மற்றவருக்குத் தெரியாது. படகுகள் கரை சேரும் நேரத்தைப் பொறுத்தே ஏலம் என்பதால், முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தாக்கிய கரை இது. அதற்கு ஒரு நினைவிடமும் உண்டு. நாகப்பட்டினத்தை நினைக்காமல் அங்கே நிற்க முடியாது.

போக்குவரத்துதான் சிரமம். மெர்போக் பக்கம் கிராப் செயலியில் வண்டி பிடித்துப் போய்விடலாம், திரும்ப வண்டி கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். நான்கு பேராகச் சேர்ந்து, தெரிந்த ஓட்டுநர் ஒருவரிடம் போகவர முன்பே பேசிக்கொள்வதுதான் சிக்கனம். தனியாக வந்த பெண்ணுக்கு அதுதான் பத்திரமும்கூட. தெரிந்தவர் வேண்டுமே என்றால், அங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது.

பீடோங் தமிழரோடு பேச்சு ஏன் வளரவில்லை? பெரும்பாலும் முதல் கேள்வி தவறாகப் போய்விடும். "உங்களுக்குத் தமிழ்நாட்டுல எந்த ஊர்?" என்று கேட்டிருப்பீர்கள். இங்கே இருப்பவர்கள் மூன்றாம், நான்காம் தலைமுறை. பலருக்கு அந்த ஊர்ப் பெயர் தெரியாது, தெரியாததில் லேசான வலியும் இருக்கும். ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு கப்பலேறிய கொள்ளுத்தாத்தா விட்டுவந்த ஊரைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்திருப்பார். அந்தக் கேள்வி சில சமயம் சாதியை விசாரிக்கும் சுற்றுவழியாகவும் காதில் விழும். அதை விட்டுவிட்டு "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), எத்தனை மணிக்குப் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), கிராணி (தோட்ட எழுத்தர்) யார், ரப்பர் பால் எடை போடும் இடம் எது, கோயில் எந்தப் பக்கம் என்று வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கதைகளுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், மிகப் பலர் திரும்பவில்லை. போர் முடிந்ததும், 1946இல், இங்கேயுள்ள ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தொண்டர் படையை அமைத்தார். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வைப்பது அதன் முதல் போராட்டம். 1947இல் பீடோங் வட்டாரத்தில் அது காவல்துறையோடு மோதலாக வெடித்தது. கெடா தோட்டத் தொழிலாளர் தங்கள் மானத்துக்காக எழுந்து நின்ற ஊரில்தான் பயிற்சி செய்கிறீர்கள். ஒரு பாட்டி தன் அப்பா தொண்டர் படையில் இருந்ததாகச் சொன்னால், ஆய்வக வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உட்கார்ந்து கேளுங்கள்.

அப்புறம், பழைய தோட்ட வாழ்க்கையை நேரில் பார்க்கலாம் என்று தேடிப் போகாதீர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாகின, தமிழர்கள் தாமான் எனப்படும் வீடமைப்புக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று செம்பனை அறுப்பவர்களில் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் நேப்பாளிகளும் நிறைய. அவர்கள் குடியிருப்புக்குள் போய்ப் படம் எடுப்பது மரியாதை இல்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதையும் மறக்க வேண்டாம். நிர்வாகியிடம் அனுமதி கேட்டு, களப்பணியாளர் ஒருவரோடு போனால் காட்ட ஆயிரம் இருக்கிறது. எலியைக் கட்டுப்படுத்த ஆந்தைகளுக்குப் பெட்டிக்கூடு வைத்திருப்பார்கள், வேளாண் மாணவியான உங்களுக்கு அது ஒன்றே போதும்.

பழக்கம் வளர ஒரே வழி, வாரம் ஒருமுறை ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போவது. கோயிலாக இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை. கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பாமல், அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் அக்காமாரோடு உட்காருங்கள். வெங்காயம் உரிக்கிற கைக்கு ஊரே தானாகப் பேசும். இரண்டு மூன்று வாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்வார்கள், ஓட்டுநரும் அங்கேயே கிடைப்பார். மாரியம்மன், முனீஸ்வரர் கோயில் திருவிழாக்களில் இளைஞர்களின் உருமி மேளத்தைக் கேட்டே ஆக வேண்டும். அருள் வந்து ஆடுகிறவர்களை மட்டும் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். தைப்பூசம் உங்கள் காலத்தில் வந்தால், பினாங்கு தண்ணீர்மலைக்கு ஓடாமல் முதலில் சுங்கை பட்டாணியில் பாருங்கள், தெரிந்த முகங்களோடு நடக்கலாம்.

தமிழர் வட்டத்திலேயே நின்றுவிடவும் கூடாது. ஆலையில் பாதிப் பேச்சு மலாயில்தான் நடக்கும். எண்கள், விலை கேட்பது, நன்றி சொல்வது, வயதில் மூத்த பெண்ணை 'மாக்சிக்', ஆணை 'பாக்சிக்' என்று அழைப்பது, இவ்வளவு தெரிந்தாலே பாசார் மாலாமில் உங்களை வேறு மாதிரி நடத்துவார்கள். மலாய் வீட்டுக்கு அழைத்தால் செருப்பை வெளியே விடுங்கள், வலது கையால் வாங்குங்கள். நோன்பு மாதத்தில் பகலில் அவர்கள் எதிரில் சாப்பிடாமல் இருங்கள், மாலையில் நோன்புச் சந்தைக்குக் கட்டாயம் போங்கள். பெருநாளிலும் தீபாவளியிலும் திறந்த இல்ல விருந்துக்கு அழைப்பு வந்தால் தயங்க வேண்டாம்.

மூன்றாம் மாதத்திலிருந்து ரயில். சுங்கை பட்டாணியிலிருந்து கொமுட்டரில் தெற்கே பட்டர்வொர்த் போய், நிலையத்தை ஒட்டியே பெர்ரி ஏறினால் ஜார்ஜ்டவுன். 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த நகரம். குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது. வடக்கே அலோர் ஸ்டார் பயணத்தை நான் இன்னும் அதிகமாகச் சிபாரிசு செய்வேன். குரூண் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல் வயல். மலேசியாவின் நெற்களஞ்சியம் அது, அங்கே நெல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். லங்காவிக்கு கோலா கெடா துறையிலிருந்து பெர்ரி உண்டு. கடைசி மாதத்தில், சேர்த்த காசில், ஒரே ஒருமுறை போய்வாருங்கள். கோலாலம்பூரை ஊருக்குத் திரும்பும்போது ஒரு நாள் தங்கிப் பார்த்தால் போதும், விமானம் பெரும்பாலும் அங்கிருந்துதானே.

உங்கள் அனுமதிச் சீட்டு விஷயத்தில் கவனம் தேவை. இந்தியர்களுக்குத் தரும் 30 நாள் விசா விலக்கு சுற்றுலா போன்ற குறுகிய வருகைக்குத்தான், பயிற்சிக்குச் செல்லாது. ஆலையோ கல்லூரியோ எடுத்துக்கொடுத்த அனுமதி எந்த வகை, எந்தத் தேதி வரை என்று நீங்களே படித்துப் பாருங்கள். யாராவது டியூஷன் எடுக்கச் சொல்லிக் காசு கொடுக்க வந்தால், அந்த அனுமதி இடம் தராதவரை வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் இரவல் மோட்டாரில் ஏறவும் வேண்டாம், விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. அறைத் தோழிகள் பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்தின் ஹாட்யாய் போகலாம் என்று கூப்பிடக்கூடும், ரயிலில் பக்கம்தான். அனுமதியில் ஒருமுறை நுழைவு மட்டும் என்றிருந்தால், எல்லை தாண்டியதும் அது முடிந்துவிடும். திரும்பப் பயிற்சிக்கு வர முடியாமல் போகலாம். டிக்கெட் எடுக்கும் முன் ஆலை அலுவலகத்தில் அதை ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள்.