100 எம்பிபிஎஸ் இணைப்பில் 11 மட்டும் தெரிவது ஏன்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு பக்கம் சிறிய ஸ்டுடியோ வைத்துத் திருமண வீடியோ எடுத்துத் தருகிறேன். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்புக்கு மாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன். ஆனால் எந்தக் கோப்பை இறக்கினாலும் கணினி நொடிக்கு 11.3 எம்பிக்கு மேல் காட்டுவதே இல்லை. பத்தில் ஒரு பங்குதான் தருகிறார்கள். புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். 11.3 என்றால் கட்டிய பணத்துக்கு உரிய வேகம் முழுமையாக வருகிறது. விளம்பரத்தின் எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட்; உங்கள் கணினி காட்டும் எம்பி என்பதோ மெகாபைட். இரண்டும் வேறு வேறு அளவு.

தொலைபேசித் துறை குரலை எண்களாக மாற்றத் தொடங்கியதிலிருந்தே பிட் கணக்கில் பழகியது. பிட் என்பது 0 அல்லது 1 என்ற மிகச் சிறிய அலகு. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதினார்கள். அதனால் ஓர் உரையாடலுக்கு நொடிக்கு 64,000 பிட் ஆனது. அத்தகைய 32 தடங்களைச் சேர்த்ததுதான் நம் நாட்டு அலுவலகங்களில் ஓடிய, நொடிக்கு 2.048 மெகாபிட் செல்லும் ‘இ1’ என்ற தொலைபேசி லைன். இன்றைய ஃபைபர் விளம்பரமும் அதே வழக்கத்தில்தான் எண்ணைப் போடுகிறது. ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு ஆகியவற்றின் கணக்கோ பைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆங்கிலத்தில் எழுதும்போது சின்ன ‘பி’ பிட்டையும் பெரிய ‘பி’ பைட்டையும் குறிக்கும். விற்க வருபவர் இரண்டையும் ‘எம்பி’ என்றே சொல்லிவிட்டுப் போவதால்தான் இத்தனை குழப்பமும். கையெழுத்துப் போடுமுன் எது என்று கேட்டுவிடுங்கள்.

உங்கள் 11.3-ஐயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். தரவு துண்டு துண்டாகப் போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி, சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கிறது. அதில் உங்கள் கோப்புக்குக் கிடைப்பது 1,460. ஆக, 12.5 என்பது 11.9 ஆகிறது. விண்டோஸ் 1 எம்பியைப் பத்து லட்சம் பைட்டாக எண்ணாமல், 1,024-ஐ 1,024-ஆல் பெருக்கி 10,48,576 பைட்டாக எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 11.9 என்பது 11.3 ஆகிவிடும். இவ்வளவு நீட்டிப் போட நேரம் இல்லாதவர்கள், விளம்பர எண்ணை ஒன்பதால் வகுத்தால் போதும்; திரையில் தெரியப்போகும் எண் ஏறக்குறைய கிடைத்துவிடும்.

ஆனால் உங்கள் தொழிலுக்கு இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் முக்கியம். 64 ஜிபி கார்டு நிறைய எடுத்த வீடியோவை எடிட்டருக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றும் வேகமும் 100 என்றால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். அது 20 என்றால் ஏழரை மணி நேரம். முகூர்த்த மாதத்தில் இந்த வித்தியாசத்தில் ஒரு வேலையே கைநழுவலாம். ஏற்றும் வேகம் எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அதைப் பளிச்சென்று சொல்லாத விளம்பரங்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

கேள்வி: அதிகப் பணம் கட்டி 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன். இன்னமும் 11-தான் வருகிறது. இதுவும் கணக்குக் குழப்பமா? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: இல்லை. உங்களுக்கு 22-க்கு மேல் வர வேண்டும். பழைய வேகத்திலேயே நிற்கிறது என்றால் ரவுட்டரையும் அதிலிருந்து கணினிக்குப் போகும் கேபிளையும்தான் முதலில் பார்க்க வேண்டும். விலை குறைந்த பல ரவுட்டர்களில் கேபிள் செருகும் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்குவதில்லை. கேபிள் முனையின் பிளக் கண்ணாடிபோல இருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு ஜோடி, எட்டுக் கம்பிகளும் பிளக்கின் நுனிவரை போயிருக்க வேண்டும். நான்கு கம்பிகளை மட்டும் செருகியிருந்தால் 100-ஐத் தாண்டவே தாண்டாது. விண்டோஸின் நெட்வொர்க் விவரப் பக்கத்தில் இணைப்பு வேகம் 100/100 என்று இருந்தால் தடை வீட்டுக்குள்தான். 1000/1000 என்று இருந்தும் கேபிள் வழியாகவே 11 வருகிறது என்றால், நிறுவனத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். சரிசெய்யாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் மாதம் 3,300 ஜிபி எல்லை என்கிறார்கள். நால்வர் உள்ள குடும்பத்துக்குப் போதுமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: தாராளமாகப் போதும். முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 45 ஜிபி. எல்லையைத் தொட 73 மணி நேரம் இடைவிடாமல் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெச்டி படம் மணிக்குச் சுமார் 3 ஜிபிதான் எடுக்கும். அந்த வகையில் 1,100 மணி நேரம் பார்க்கலாம். மாதத்துக்கே 720 மணி நேரம்தான். எல்லையைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குக் கால் மெகாபைட்; 1 ஜிபி கோப்பு ஒன்று இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.