அந்த இரண்டாவது டிக்கை உடனே எடுங்கள்

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதென்று சர்வீஸ்காரர் 'ரைட் கேஷிங்'கில் ஏதோ டிக் போட்டு வேகமாக்கினார். இடிமழையில் கரண்ட் போனதும் கணக்கு ஃபைல் திறக்க மறுக்கிறது. கேஷிங்கையே நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். அங்கே இரண்டு டிக் உண்டு. கெடுத்தது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் பெரும்பாலும் 64 முதல் 256 எம்பி வரை சிறு மெமரி இருக்கும். எழுத வேண்டியதை அதில் வாங்கிக்கொண்டு, பிறகு தகட்டில் பதியும். இதுதான் ரைட் கேஷிங்; முதல் டிக் இதற்குத்தான். அதை எடுத்தால், நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க் ஒவ்வொரு சின்னப் பதிவுக்கும் தகடு சுற்றி வரக் காத்திருக்கும்; ஒரு சுற்றுக்கே 8 மில்லி செகண்டுக்கு மேல். பில் போடும்போதே இழுக்கும்.

முக்கியமான பதிவு என்றால் 'இப்போதே தகட்டில் எழுது' என்று விண்டோஸ் கட்டளையிடும். இரண்டாவது டிக் அந்தக் கட்டளையையே தடுத்துவிடுகிறது. கரண்ட் போனால் மெமரியில் இருந்தது போனதுதான். ஃபைலின் பெயரும் சைஸும் சரியாகவே தெரியும், உள்ளே கணக்கு இருக்காது.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிவைஸ் மேனேஜர், டிஸ்க் டிரைவ்ஸ், உங்கள் டிஸ்க்கில் டபுள் கிளிக், பாலிசீஸ். 'பஃபர் ஃபிளஷிங்' என்று வரும் இரண்டாவது டிக்கை எடுங்கள். கரண்ட் போனால் தாங்கத் தனி மின்சாரம் இல்லாமல் இந்த டிக்கைப் போடக்கூடாது என்று அதன் கீழேயே எச்சரிக்கை இருக்கிறது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். கடைக்காரர் அதை எப்படிப் படிப்பார்? படிக்கத் தெரிந்த சர்வீஸ்காரரே மறைத்துவிட்டு 'ஸ்பீடு பண்ணித் தாறேன்' என்று காசு வாங்குவது அநியாயம்.

லேப்டாப்புக்கு இந்தப் பயம் குறைவு, பேட்டரி இருப்பதால். ஆனால் பேட்டரி செத்து, எந்நேரமும் சார்ஜரில் ஓடும் லேப்டாப் டெஸ்க்டாப்புக்குச் சமம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பத்து நிமிடம்கூடத் தாங்காவிட்டால் அதை லேப்டாப் கணக்கில் சேர்க்காதீர்கள். பேட்டரி கழற்றிய லேப்டாப்பும் அப்படியே.

டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யுபிஎஸ் போதும். 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிவரும். பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தருபவர்கள் உண்டு. தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கெட்ட ஃபைலை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், அதுவரை செக்டிஸ்க் (டிஸ்க்கின் பிழைகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவி) ஓட்டாதீர்கள். டேட்டா ரெக்கவரி என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தகட்டுக்கே போய்ச் சேராத பதிவை யாராலும் மீட்க முடியாது. கடைசி பேக்கப்பை ஏற்றி, அதற்குப் பிந்தைய பில்களைக் கையால் பதிவதே வழி.