டிராக்டருக்கு 50 மணி நேரம்... புது காருக்கு எப்போது?

கேள்வி (மன்னார்குடி வாசகர்): போன மாதம் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் எடுத்தோம். 900 கி.மீ. ஓடியிருக்கிறது. “டிராக்டருக்கு 50 மணி நேரத்தில் ஆயிலை இறக்குகிறோமே, இதற்கும் 1,000-லேயே மாற்று” என்கிறார் அப்பா. ஷோரூமிலோ முதல் சர்வீஸில் அளவு பார்ப்பதோடு சரி, 10,000-ல் மாற்றினால் போதும் என்கிறார்கள். எது சரி?

பதில்: அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது டிராக்டர் கணக்கு. புது டிராக்டர் வயலில் இறங்கிய நாளிலிருந்தே சேற்றுழவு, ரோட்டவேட்டர் என்று மணிக்கணக்கில் பாரம் இழுக்கிறது. அதனால்தான் பல டிராக்டர் கம்பெனிகள் 50 மணி நேரத்திலேயே முதல் ஆயிலை மாற்றச் சொல்கின்றன.

காரிலும் தேய்மானம் உண்டு. சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்குமாக நூலிழைக் கீறல்கள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங் அந்தக் கீறல்களின் முனையைத் தேய்த்துத் தனக்கு இடம் பண்ணிக்கொள்ளும். பட்டறையில் ‘ரிங் செட் ஆகுது’ என்பது இதைத்தான். தேய்ந்து விழும் பொடியில் பெரியதை ஃபில்டர் பிடித்துவிடும். மாவு மாதிரி இருப்பது ஆயிலோடு சுற்றும். இன்றைய எஞ்சின்களில் கடைசல் நேர்த்தியாக இருப்பதால் இந்தப் பொடி குறைவு. ஆகவே 1,000-ல் மாற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. மனம் கேட்கவில்லை என்றால் 1,000-க்கும் 1,500-க்கும் நடுவில் ஒரே ஒரு முறை ஃபில்டரோடு மாற்றுங்கள், கெடுதல் இல்லை. அதற்கு முன் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். ஹோண்டா போன்ற சிலர், தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலைக் குறித்த காலத்துக்கு முன் மாற்றவே கூடாது என்கிறார்கள். அப்படி எழுதியிருந்தால் கைவைக்காதீர்கள்.

மாற்றும்போதுதான் தவறுகள் நடக்கின்றன. “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி” என்று 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம். புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்ற இளகலான ஆயில் போட்டிருந்தால் அதுதான். இப்போதைய எஞ்சினின் சந்துகள் குறுகல். கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏறத் தாமதமாகும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். ட்ரெயின் போல்ட்டுக்கு (ஆயிலை இறக்க அடியில் கழற்றும் போல்ட்) புது வாஷர் போடுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் ஓடும்போது அழுத்தம் தாங்காமல் ஆயில் முழுக்க ரோட்டில் கொட்டிவிடும். புது ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவி, ரப்பர் உட்கார்ந்தபின் கையால் முக்கால் சுற்று முறுக்கினால் போதும்.

1.2 லிட்டர் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துக் கேஜ் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால், எஞ்சின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைக்கும். நுரையைப் பம்ப் இழுத்தால் அழுத்தம் விழும். புது வண்டிக்கு, எஞ்சின் உள்ளே கழுவ ஊற்றும் ஃப்ளஷ் எதுவும் வேண்டாம். ஆயில், ஃபில்டர் பில்லைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டிக்கு உதவும்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று தினம் 3 கி.மீ.தான் ஓட்டுகிறேன். நான்கு மாதத்தில் சுமார் 360 கி.மீ. ஆயில் அளவு குறையாமல் ஏறியிருக்கிறது. நல்லதுதானே?

பதில்: இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கியிருக்கலாம். கேஜை முகர்ந்தாலே பெட்ரோல் வாடை தெரியும். ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை படிந்திருந்தால் அது ஈரம். 3 கி.மீ.-யில் ஆயில் சூடேறவே நேரமில்லை. உங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. முதல் ஆயிலை ஆறு மாதத்துக்குள் மாற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் இப்போதே சர்வீஸில் காட்டுங்கள்.

வாரம் ஒருமுறை தஞ்சாவூர் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போவதைவிட, பாபநாசம், அய்யம்பேட்டை வழியே போகும் பழைய ரோடு புது எஞ்சினுக்கு நல்லது: ஊருக்கு ஊர் வேகம் ஏறி இறங்கும். ரிங் செட் ஆவதற்கு அந்த ஏற்ற இறக்கம்தான் வேண்டும். எஞ்சின் சுற்றை 3,000 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல 25 கி.மீ. வேகத்தில் போகும்போது நான்காவது கியரில் திணறவும் விடாதீர்கள். தை, மாசியில் அறுப்பு நடக்கும் ஊர்களுக்குப் போய்வந்தால் ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். தூசி உள்ளே போனால் ரிங்குக்குத்தான் சேதம்.

கேள்வி (திருவாரூர் வாசகர்): 1,200 கி.மீ.-யில் இறக்கிய ஆயில் வெயிலில் பளபளத்தது. கவலைப்படவேண்டுமா? பழைய ஆயிலை என்ன செய்வது?

பதில்: வெள்ளிப் பூச்சுப் போல லேசான பளபளப்பு புது எஞ்சினில் இயல்பு. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறக்கிறது, செதில் செதிலாக வருகிறது என்றால் ஒரு சிறு பாட்டிலில் பிடித்து உடனே சர்வீஸில் காட்டுங்கள். செம்பு நிறத்தில் இருந்தால் பேரிங் தேய்கிறதோ என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய ஆயிலை வாய்க்கால் ஓரம் மட்டும் கொட்டாதீர்கள். முறைத் தண்ணீர் வந்ததும் அது நேரே நாற்றங்காலில் படலமாக நிற்கும். மூடியுள்ள கேனில் ஊற்றி, ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.